ஓட்டு வாங்கித் தந்த அயர்லாந்து அம்மா – மார்கரெட் கசின்ஸ்



மார்கரெட் கசின்ஸ். இந்தப் பெயரைப் பொது அறிவு வினா-விடைப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் பார்த்திருப்பீர்கள். அகில இந்தியப் பெண்கள் மாநாடு 1927ல் தொடங்கக் காரணமானவர் என்று போட்டிருக்கும். நாமும் மனப்பாடம் பண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று நாடுகளும் மூன்று சிறைகளும் இருக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அயர்லாந்தும் நம்மைப் போலத்தான்!

வரைபடத்தில் பாருங்கள். இங்கிலாந்துக்கு மேற்கே கடலில் ஒரு தீவு இருக்கும். அதுதான் அயர்லாந்து. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனையே அடிமையாக வைத்திருந்தானா என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆமாம், வைத்திருந்தான்! 1801ல் அவர்களுடைய பாராளுமன்றத்தை எடுத்துவிட்டு, லண்டனிலிருந்தே ஆண்டார்கள். 1845ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள். கிட்டத்தட்ட அதே அளவு ஜனம் கப்பலேறி வேறு நாடு போனது. அப்போதும் அங்கே விளைந்த தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நம்ம பக்கம் 1876-78ல் வந்த தாது வருஷப் பஞ்சத்திலும் இதே கதைதான்.

அந்தப் பஞ்சம் முடிந்த 1878ல், நவம்பர் 7ஆம் தேதி, அயர்லாந்தில் பாயில் என்ற சின்ன ஊரில் மார்கரெட் பிறந்தார். டப்ளின் நகரில் இசை படித்துப் பட்டம் வாங்கினார். 1903ல் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரைத் திருமணம் செய்துகொண்டார். அயர்லாந்தின் பழங்கதைகளையும் பண்பாட்டையும் எழுத்தாளர்கள் மீட்டெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யேட்ஸ் இவர்களுக்குப் பழக்கம். உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904ல் இவர்கள் வீட்டில் சில நாள் தங்கியிருக்கிறார்.

முதல் சிறை, இரண்டாம் சிறை

அப்போது பெண்களுக்கு ஓட்டு கிடையாது. 1908ல் மார்கரெட்டும் அவருடைய தோழி ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனும் சேர்ந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1910ல் லண்டன் போய், பிரதமர் வீட்டு ஜன்னலில் உடைந்த பூந்தொட்டித் துண்டுகளை வீசினார் மார்கரெட். பியானோ வாசிக்கிற கை! ஹாலோவே சிறையில் ஒரு மாதம் போட்டார்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். அயர்லாந்துக்கு ஹோம் ரூல், அதாவது தன்னாட்சி தருவதற்கு ஒரு மசோதா வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அந்த மசோதாவில் பெண்களுக்கு ஓட்டு இல்லை! முதலில் நாட்டுக்கு உரிமை வரட்டும், பெண்கள் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது தலைவர்களின் எண்ணம். அந்த அப்புறம் எப்போது வரும்? மார்கரெட் 1913ல் டப்ளின் கோட்டை அரசு அலுவலக ஜன்னல்களை உடைத்தார். மறுபடி ஒரு மாதச் சிறை. தங்களை அரசியல் கைதியாக நடத்த வேண்டும் என்று டல்லமோர் சிறையில் உண்ணாவிரதம் இருந்து ஜெயித்தார்.

ஆனால் மசோதா மாறவில்லை. பெண்கள் பெயரை முதல் நாளே சேர்க்காவிட்டால், கடைசி நாள் வரை சேர்க்க மாட்டார்கள். இந்தப் பாடத்தோடுதான் அவர் இந்தியா வந்தார் என்று நான் நினைக்கிறேன்.

சென்னைக்கு வந்த பிறகு

1915ல் கணவனும் மனைவியும் சென்னை வந்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை. அடுத்த வருஷம், 1916 ஏப்ரலில், டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்தது. தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் கவிஞர்களும் உண்டு. ஹன்னாவின் கணவர் ஃபிரான்சிஸ், ஆயுதமே எடுக்காதவர், கொள்ளையைத் தடுக்கக் கிளம்பியவர். அவரையும் பிடித்து, விசாரணையே இல்லாமல் சுட்டுவிட்டார்கள். ஜேம்ஸும் அவரும் 1912ல் சேர்ந்து பத்திரிகை நடத்தியவர்கள். எழுச்சியைப் பாராட்டி ஜேம்ஸ் நியூ இந்தியாவில் எழுதினார். வேலை போச்சு! அரசு பத்திரிகைச் சட்டத்தைக் காட்டி நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு மதனப்பள்ளி கல்லூரிக்குப் போனார்கள். இன்று ஆந்திராவில் இருக்கும் மதனப்பள்ளி அன்று நம் சென்னை மாகாணத்தில் இருந்தது.

1917ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அதே வருஷம் இந்திய மந்திரி மாண்டேகு லண்டனிலிருந்து வந்தார். இந்தியாவுக்கு என்னென்ன உரிமை தரலாம் என்று எல்லோரிடமும் கேட்டார். பெண் கல்வி பற்றிப் பேச மார்கரெட் நேரம் கேட்டார். அரசியல் விஷயம் என்றால் மட்டும்தான் சந்திப்பு என்று பதில் வந்தது. சரி, அரசியலே பேசுவோம் என்று பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துவிட்டார்! 1917 டிசம்பர் 18ஆம் தேதி சென்னையில், சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு அந்த மனுவைக் கொடுத்தது. டப்ளினில் கல், இங்கே காகிதம். கேட்டது ஒன்றேதான்.

லண்டன் நேரடியாகச் சம்மதிக்கவில்லை. மாகாணங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. 1921ல் நம் சென்னை மாகாணச் சட்டசபை மற்ற மாகாணங்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. சொத்து இருக்கிற பெண்களுக்கு மட்டும்தான் அப்போது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. 1926 தேர்தலுக்குப் பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அவரை அனுப்பியதில் மாதர் சங்கத்துக்குப் பங்கு உண்டு.

இன்னொரு செய்தி. தினமும் நம் ப்ரேயரில் பாடும் ஜன கண மன பாட்டை, 1919ல் மதனப்பள்ளிக்கு வந்த தாகூர் பாடக் கேட்டு இசைக் குறிப்பாக எழுதி வைத்தவரும் இவர்தான்!

மூன்றாம் சிறை

மார்கரெட் இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட் ஆனார். அரசாங்கம் கொடுத்த பதவி. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? 1932ல் அரசு அவசரச் சட்டங்கள் போட்டு மக்களைப் பேசவிடாமல் செய்தபோது, சென்னையில் மேடையேறிக் கண்டித்தார். ஓராண்டு தண்டனை, வேலூர் பெண்கள் சிறை. அப்போது அவருக்கு வயது 54.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இந்தியப் பெண்களே தலைமைக்கு வரத் தொடங்கியதும், தான் முன்னால் நிற்கத் தேவையில்லை என்று உணர்ந்து ஒதுங்கி வழிவிட்டார். ஒரு இயக்கத்தை ஆரம்பித்தவர்களுக்கு இந்த மனசு லேசில் வராது. பின்னாளில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. சுதந்திரத்தையும், 1951-52 பொதுத்தேர்தலில் ஆண் பெண், ஏழை பணக்காரர் எல்லோரும் ஓட்டுப் போட்டதையும் பார்த்துவிட்டு, 1954 மார்ச் 11ஆம் தேதி அடையாறில் கண் மூடினார்.

நண்பர்களே! மயிலம் என்ற பெயரிலேயே நமக்கு ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. 2011லிருந்து இங்கே தேர்தல் நடக்கிறது. ஓட்டுச்சாவடியில் நம் ஆயாவும் அம்மாவும் வெயிலில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்போம். இன்னும் கொஞ்ச வருஷத்தில் நமக்கும் 18 ஆகும். ஐநூறு, ஆயிரம் என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நீட்டலாம். அப்போது இந்த மூன்று சிறைகளையும் நினைத்துப் பாருங்கள். ஓட்டின் விலை அதுதான். அதை வேறொருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.