சாலை கண்ட மெக்காடம்

மண்ணூர், ஒரகடம், திருப்பெரும்புதூர் முதலிய ஊர்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குப் பெருஞ்சுமை ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் வந்து செல்கின்றன. அச்சுமையைத் தாங்கும் சாலையமைப்புக்கு அடிப்படை வகுத்தவருள் சிறந்தவர் ஜான் லௌடன் மெக்காடம் ஆவார்.

இவர் 1756ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டின் ஏர் என்னும் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அமெரிக்காவில் நியூயார்க்கு நகரில் வாழ்ந்த உறவினரை அடைந்து, வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டினார். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த 1783இல் தாயகம் திரும்பினார்.

அங்கு அவர் சாலைகளைக் காக்கும் குழுவொன்றில் உறுப்பினரானார். அந்நாளில் மழை பெய்தால் சாலைகள் சேறாகும், வண்டிகள் புதையும். அடியில் பெருங்கற்களைப் பதித்தாலன்றிச் சாலை உறுதி பெறாது என்று வல்லுநர் பலர் கருதினர். மெக்காடம் அதனை மறுத்தார். சுமையை உண்மையில் தாங்குவது அடிமண்ணே. அது நனையாதிருப்பின் எச்சுமையையும் தாங்கும் என்பது அவர் துணிபு. ஆதலின் சாலையைச் சுற்றுநிலத்தினும் உயர்த்தினார். நடுவைச் சிறிது மேடாக்கினார். இருபுறமும் வடிகால் வகுத்தார். ஆறு அவுன்சு, அதாவது ஏறத்தாழ 170 கிராம், எடைக்கு மேற்படாத உடைகற்களை மண் கலவாமல் பரப்பினார். கூர்முனையுடைய அக்கற்கள், சக்கரங்கள் உருளுந்தோறும் ஒன்றையொன்று கவ்வி இறுகின.

இவ்வாராய்ச்சிக்குத் தம் கைப்பொருளையே பல்லாண்டுகள் செலவிட்டார். 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பேற்றுத் தம் முறையை மெய்ப்பித்துக் காட்டினார். 1827இல் இலண்டன் மாநகர்ச் சாலைகளின் தலைமைக் கண்காணிப்பாளரானார். அரசு அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தை ஏற்கவில்லை. 1836இல் தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.

மோட்டார் வண்டிகள் பெருகியபின், புழுதி எழாவண்ணம் கற்களைத் தாரால் பிணிக்கும் முறை பரவியது. இன்று உடைகல், மணல், கல்தூள், தார் ஆகியவற்றை அளந்து கலக்கின்றனர். தார் குறைந்தால் தளம் எளிதில் வெடிக்கும்; மிகுந்தால் வெயிலில் இளகிப் பள்ளம் விழும். வெயிலும் காற்றும் பட்டு நாளடைவில் தார் இறுகும். இறுகிய தளம் சுமையால் பிளக்கும். பிளவின் வழியே நீர் இறங்கின், அடிமண் வலியிழக்கும். மெக்காடம் அஞ்சிய பகை அதுவே.

ஆகவே, வெடிப்புக்கு இடங்கொடாத கலவையைத் தேடும் இக்காலப் பொறியாளர், அவர் தொடங்கிய பணியையே தொடர்கின்றனர். பிறர் நலமுறச் செல்லத் தம் பொருளை வழங்கிய அப்பெரியாரின் பெயர், உடைகல் தளத்திற்கே பெயராகி இன்றும் வழங்குகின்றது.