முதல் கரையாத செல்வம்

உழைத்துப் பொருள் ஈட்டுவோர் நம்மில் பலர். உழைப்பு ஓய்ந்த பின்னும் வருவாய் வர வழி செய்தோர் சிலர். தாம் மறைந்த பின்னும் அவ்வருவாய் பிறருக்குப் பயன்படச் செய்தவரோ மிகச் சிலர். அவர்களுள் ஒருவரே சிங்கப்பூர் ஸையித் முஹம்மது பின் அஹ்மது அல்ஸகாஃப் அவர்கள்.

ஹளரமவுத் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டது இவர்தம் குடும்பம். 1848ல் அல்ஸகாஃப் கம்பெனியை நிறுவிய தந்தையார், ஹாஜ்ஜா பாத்திமா அம்மையாரின் புதல்வியை மணந்தவர். தந்தைக்குப்பின் மைந்தர் வியாபாரத்தைப் பெருக்கினார். ஹாஜிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் தொழிலிலும் ஈடுபட்டார்.

கப்பலில் இலாபம் மிகுதி, ஆபத்தும் மிகுதி. 1880 ஆகஸ்டில் இவர் நிர்வகித்த கம்பெனியின் ‘ஜித்தா’ கப்பல் பழுதுற்றது. 900க்கு மேற்பட்ட ஹஜ் பயணிகளை நடுக்கடலில் கைவிட்டுக் கப்பல் தலைவர் தப்பினார்; கப்பல் மூழ்கிவிட்டதென ஏடனில் அறிவித்தார். மறுநாளே அக்கப்பல், பயணிகளுடன், வேறொரு கப்பலால் இழுத்துவரப்பட்டு அங்கு வந்து சேர்ந்தது! அந்த அவப்பெயர் உலகெங்கும் பரவிற்று. பொருளை எதில் இடுகிறோம் என்பதோடு, யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டுமென்பதை நாம் இதிலிருந்து உணர்கிறோம்.

நிலமோ நிதானமாகப் பலன் தந்தது. கேலாங்கில் இவர்களுடைய தோட்டத்தில் ஸெராய் எனும் எலுமிச்சைப்புல் விளைந்தது; கேலாங் ஸெராய் என்ற பெயர் அதனால் வந்ததே. பீச் ரோட்டில் இவருக்குச் சொந்தமான பங்களாவை 1887ல் ஸார்க்கீஸ் சகோதரர்கள் வாடகைக்கு எடுத்து ராபிள்ஸ் ஓட்டலைத் தொடங்கினர். விருந்தினரைக் கவனிக்கும் கவலை அவர்களுடையது, வாடகை இவருடையது. 1931ல் ஸார்க்கீஸ் நிறுவனம் நொடித்துப் போனதையும் நினைவில் கொள்வோமாக.

இவ்வளவும் சேர்த்தவர் 1904ல் தம் சொத்துக்களில் ஒரு பகுதியை வக்ஃபு செய்தார். முதலை விற்கலாகாது, வருவாயைக் கொண்டே நற்பணி நடக்க வேண்டும் என்பதே வக்ஃபின் முறை. 1906ல் அவர் மறைந்தார். 1912ல் அந்நிதியிலிருந்து ஜாலான் சுல்தானில் எழுந்த அல்ஸகாஃப் மதரஸா இன்றும் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுகிறது.

நம்மிடம் தோட்டமில்லை, பங்களாவில்லை எனச் சிலர் கூறலாம். சிறு கடையோ, ஓர் அறை வீடோ, சில பங்குகளோ எதுவாயினும் விதி ஒன்றுதான்: பழத்தை உண்போம், மரத்தை வெட்டாதிருப்போம்.