எழுத்தில் ஓவியம் கண்டவர் கே.சி.எஸ். பணிக்கர்

நவீன ஓவியம் ஒன்றின் முன் நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் வினா, இதன் பொருள் யாது என்பதே. அவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, விடை தேடுவதையே வாழ்வாகக் கொண்ட ஓவியர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே கே.சி.எஸ். பணிக்கர் ஆவார்.

1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கரின் இளமை மலபாரின் பசுமையிடையே வளர்ந்தது. சிறு வயதிலேயே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார். குடும்பச் சுமை அவரைத் தந்தித் துறைப் பணிக்கு அனுப்பியது. எனினும் கலை வேட்கை தணியவில்லை. நிலையான ஊதியத்தைத் துறந்து, 1936இல், பிறர் படிப்பை முடித்துவிடும் 25ஆம் வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அப்பள்ளியின் முதல்வர். பின்னாளில் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வர் பொறுப்பையும் பணிக்கர் ஏற்றார்.

1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அவர் நிறுவினார். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. வான்கோ, கோகன் ஆகியோரின் வண்ண ஆளுமை அவரை ஈர்த்திருந்தது. ஆயினும் ஐரோப்பியரின் எதிரொலியாகவே நம் கலை நின்றுவிடலாமா என்னும் ஐயம் அவரை விடவில்லை. அஜந்தாவை அப்படியே நகலெடுப்பதும் அவருக்கு விடையாகத் தோன்றவில்லை.

விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவியல் உருவங்களும் நிறைந்திருந்த பக்கம் அவர் கண்ணைக் கவர்ந்தது. 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை பிறந்தது. சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், பறவை, பாம்பு, மீன் போன்ற உருவங்கள், இவற்றிடையே மலையாள எழுத்தை ஒத்த நுண்ணிய வரிகள். அவ்வரிகளைப் படிக்க முயல்வோர் ஏமாறுவர். அவை பொருள் தரும் வாக்கியங்கள் அல்ல. படிப்பதை விடுத்துப் பார்க்கத் தொடங்கும்போதே அவை பேசுகின்றன.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் முன்னோர் எழுதிவைத்த அரபுத்தமிழ் ஏடு ஒன்றை, அவ்வெழுத்தறியாத ஒருவர் கையில் கொடுத்தால் அவர் என் செய்வார்? சொல் விளங்காவிடினும் கோட்டின் ஒழுங்கும் வளைவின் அழகும் அவரை நிறுத்திவைக்கும். எழுத்துக்கு ஒலியும் பொருளும் மட்டுமன்றி உருவமும் உண்டு. அவ்வுருவத்தின் ஆற்றலையே பணிக்கர் தம் கித்தானில் கொணர்ந்தார்.

பொருள் தேடிய கலைஞருக்கு வயிற்றுப்பாட்டின் கவலையும் தெரியும். பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதை அவர் கண்டார். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு ஓவியம் தீட்டலாம் என வழிகாட்டினார். கலைஞர்கள் ஒன்றுகூடித் தம் உழைப்பால் ஈட்டிய பணத்தில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை செல்லும் நாம், ஈஞ்சம்பாக்கத்தில் அதனை இன்றும் காணலாம். புரவலரை எதிர்பாராது கலைஞர் தம் கையாலேயே தமக்கு அமைத்துக்கொண்ட ஊர் அது.

அங்கு வாழ்ந்த ஜே. சுல்தான் அலி, நாட்டார் மரபுருவங்களையும் எழுத்துகளையும் இணைத்துத் தமக்கெனத் தனி வழி கண்டார். பணிக்கரிடம் பயின்ற கே.எம். ஆதிமூலம், தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் எழுத்துக்குப் புது உருவம் அளித்தார். ஆசிரியரைப் போலவே வரையும் மாணவரை அன்று, தம்மைத் தாமே தேடும் மாணவரைப் பணிக்கர் உருவாக்கினார் என்பதற்கு இவர்களே சான்று.

1977 சனவரியில், தம் 65ஆம் வயதில் பணிக்கர் மறைந்தார். அவர் தேடிய பொருள், அகராதியில் காணும் பொருளன்று; தன் மண்ணையும் தன் காலத்தையும் ஒருங்கே நோக்கும் கண்ணுக்குப் புலப்படுவது. எழுத்தையே வாழ்வாகக் கொண்ட தமிழ் மாணவர்கள், தம் குறிப்பேட்டின் பக்கத்தை ஒருமுறை படிக்காமல் பார்க்கவும் பழகுவாராக!