பெரியாருக்குப் பக்கத்தில் நின்றவர்

போத்தனூர் ஜங்ஷன்ல ரயில் ஏறி ஈரோடு பக்கம் போறவங்க நம்ம காலேஜ்ல நிறையப் பேர் இருக்கீங்க. இருகூர், சோமனூர், திருப்பூர், அப்புறம் ஈரோடு. ஜன்னலோரம் உட்கார்ந்து போனை நோண்டிக்கிட்டே நீங்க தாண்டிப் போகிற இந்த ரூட்டுலதான் சி.என். அண்ணாதுரைக்கு வேலை கிடைச்சது. பார்த்தது திருப்பூர், சேர்ந்தது ஈரோடு. ஆஃபர் லெட்டர் எல்லாம் கிடையாது.

வருஷம் 1934. திருப்பூரில் ஒரு இளைஞர் மாநாடு. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பையன், பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் படித்தவர், வயசு 25கூட முடியல. அங்கேதான் பெரியாரைச் சந்திக்கிறார். படிப்பு முடிச்சு என்ன செய்யப் போறேன்னு பெரியார் கேட்க, உத்தியோகம் வேண்டாம், பொதுவாழ்க்கைதான்னு பதில் வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துல ஆனர்ஸ் டிகிரி வச்சிருந்தா அரசாங்க வேலை எவ்வளவு பெரிய விஷயம்னு உங்க தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க.

பெரியாருக்கு அவரைவிட 30 வயசு கூட. பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே விட்டவர். அண்ணாவுக்கோ இங்கிலீஷும் தமிழும் ஒரே மாதிரி வரும். நீதிக்கட்சித் தலைவர்கள் மேடையில் ஆங்கிலத்தில் பேசினால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது அவர் வேலை. பிறகு ஈரோட்டுக்கு வந்து 'குடி அரசு', 'விடுதலை' பத்திரிகைகளில் எழுதினார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 4 மாதம் சிறை. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்குப் போய் அம்பேத்கரையும் ஜின்னாவையும் பார்த்தபோது கூடவே போனதும், மொழிபெயர்த்ததும் அண்ணாதான். யோசிச்சுப் பாருங்க, நாட்டையே புரட்டிப் போட்ட பெரிய மனுஷங்க பேசிக்கிறாங்க, நடுவில் ஒரு 30 வயசுக்காரர். சொந்தக் கருத்து ஒரு வார்த்தை கலந்துடக் கூடாது. இந்த வேலையை யாரும் சரித்திரப் பாடத்துல சேர்க்கிறது இல்லை. ஆனா அவருடைய பேச்சுத் திறமைக்கு இதைவிட நல்ல பட்டறை இருந்திருக்காதுன்னு எனக்குத் தோணுது.

1944-ல் சேலம் மாநாடு. நீதிக்கட்சி திராவிடர் கழகமா பேர் மாறினது அங்கேதான். வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் பகதூர் மாதிரியான பட்டங்களைத் தூக்கிப் போடணும்னு தீர்மானம். அதற்குப் பேரே அண்ணாதுரை தீர்மானம். பட்டமும் சொத்தும் உள்ள பழைய ஆட்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அதுவரை கூட நின்னவர் பேர், முதல் தடவையா தீர்மானத்தின் தலையில் ஏறியது.

அதுக்கப்புறம் உரசல். 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா ஒத்துக்கலை, வெளிப்படையாகவே எழுதினார். சரி, முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சபோது, 1948 அக்டோபரில் ஈரோட்டில் சிறப்பு மாநாடு. அண்ணாவைத் தலைவராக வண்டியில் உட்கார வைத்து ஊர்வலம், பெரியார் நடந்து வருகிறார். ஒரு வருஷம்கூடத் தாங்கலை. எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த பெரியார் 1949 ஜூலையில், தன்னைவிட 40 வயசு இளைய மணியம்மையைத் திருமணம் செய்தார். அண்ணாவும் கூட இருந்தவர்களும் வெளியேறினார்கள். சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுக தொடங்கிய தேதி செப்டம்பர் 17. அது பெரியாரின் பிறந்தநாள். கட்சித் தலைவர் நாற்காலியை அவருக்காகக் காலியாவே விட்டுட்டு, அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். இதைப் பாசம்னு சொல்றவங்க உண்டு, அரசியல் கணக்குன்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டும்தான்னு நான் நினைக்கிறேன்.

1957-ல் காஞ்சிபுரம் எம்.எல்.ஏ., கட்சிக்கு 15 இடம். 1962-ல் கட்சி 50 இடம் ஜெயிக்குது, ஆனா காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றுப் போகிறார், அதுவும் ஒரு பஸ் முதலாளியிடம். இங்கேதான் மாநிலங்களவை வருது. எம்.பி.க்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிற சபை அது. 206 பேர் இருந்த சட்டமன்றத்தில் 50 ஓட்டு, ஒரு ஆளை டெல்லிக்கு அனுப்ப தாராளம். தோத்தவர் டெல்லி போனார்.

1962 மே 1, கன்னிப்பேச்சு. சபை முழுக்க காங்கிரஸ் பெரும்பான்மை. தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், அதனால வங்காளிக்கோ குஜராத்திக்கோ விரோதி இல்லைன்னு சொல்லிட்டு, தெற்குக்குத் தன்னுரிமை கேட்டார். கோபப்பட்டவங்களும் கவனிச்சுக் கேட்டாங்க. அந்தக் கோரிக்கைக்கு ஆயுசு குறைவு. அக்டோபரில் சீனா படையெடுத்தது. பிரிவினைப் பேச்சை ஒதுக்கி வச்சுட்டு, அண்ணா நாட்டின் பக்கம் நின்னார். 1963-ல் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கணும். மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறினதும் கட்சியின் கொள்கையில் இருந்தே திராவிட நாடு கோரிக்கையை எடுத்துட்டார். பத்து வருஷத்துக்கு மேல மேடை மேடையாப் பேசின விஷயம் அது. கோழைத்தனம்னு அன்னைக்குத் திட்டினவங்க உண்டு. எடுக்காம இருந்திருந்தா கட்சி தேர்தலிலேயே நின்னிருக்க முடியாது.

விட்டுக்கொடுக்காதது மொழியில். 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம். 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்றுதான் அதில் இருந்தது, தொடரும் என்று இல்லை. அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிற ஓட்டையைப் பழைய மொழிபெயர்ப்பாளர் உடனே பிடித்தார். காகம்தான் எண்ணிக்கையில் ஜாஸ்தி, அதுக்காக அதுவா தேசியப் பறவைன்னு அவர் பேரில் ஒரு மீம் வருமே, அது இந்த வாக்குவாதத்தைச் சேர்ந்ததுதான். அதே நவம்பரில், ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கப் போறேன்னு அறிவிச்சு, எம்.பி.யாக இருக்கும்போதே 6 மாதம் சிறை போனார்.

1967 தேர்தலில் பெரியார் ஆதரித்தது காமராஜரை. ஜெயித்தது அண்ணா. முதலமைச்சர் நாற்காலியில் உட்காரும் முன்னாடி அவர் போன இடம் திருச்சி, பெரியாரைப் பார்க்க. 18 வருஷப் பிரிவு அன்னைக்கு முடிஞ்சது. அவர் ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. ஈரோட்டில் துணை ஆசிரியரா எழுதின காலத்துக் கோரிக்கை அது.

ஆட்சி ரெண்டு வருஷம்கூட முழுசா இல்லை. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர். பிப்ரவரி 3-ம் தேதி புற்றுநோயால் இறந்தார், வயசு 59. பெரியார் அதுக்கப்புறமும் கிட்டத்தட்ட 5 வருஷம் இருந்தார்.