வயல் நடுவே ஒரு பல்கலைக்கழகம்

சிதம்பரத்தில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் நடராஜர் கோவில். மறுபக்கம் அண்ணாமலைநகர். அந்த நகர் முழுவதுமே ஒரு பல்கலைக்கழகம்!

அதை உண்டாக்கியவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார்.

அவர் 1881-ம் ஆண்டு செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். வட்டித் தொழில் செய்த பெரிய குடும்பம். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்தும் அவருக்குக் கடைகள் இருந்தன.

பணம் சேர்த்தவர்கள் கோவில் கட்டுவார்கள், சத்திரம் கட்டுவார்கள். செட்டியாருக்கோ கல்லூரி கட்டும் ஆசை வந்தது. அதையும் சென்னையில் கட்டவில்லை. கொள்ளிடத்துத் தண்ணீர் வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து வயலுக்குப் பாயும் சிதம்பரத்தில் கட்டினார்.

1920-ல் மீனாட்சி கல்லூரி பிறந்தது. அதற்கு முன், அந்தப் பக்கத்துப் பிள்ளை கல்லூரியில் படிக்க வேண்டுமானால் கும்பகோணமோ, திருச்சியோ, சென்னையோ போக வேண்டும். ஏழைக் குடியானவன் வீட்டில் அது நடக்கிற காரியமா?

பிறகு தமிழுக்கும் ஒரு கல்லூரி வைத்தார். உ.வே.சாமிநாதய்யரே 1924 முதல் 1927 வரை அதன் தலைவராக இருந்தார்.

20 லட்சம்

செட்டியார் அதோடு நிற்கவில்லை. கல்லூரிகளையும், ரொக்கமாக 20 லட்சம் ரூபாயையும் கொடுக்க முன்வந்தார். அந்தக் காலத்து 20 லட்சம்! அரசாங்கம் சட்டம் செய்தது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தது அதுதான். அதே ஆண்டு அவருக்கு ராஜா பட்டமும் கிடைத்தது.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஊர் ஊராகக் கல்லூரிகள் இருந்தன. இங்கே எல்லாம் ஒரே இடமாக இருந்தது. வகுப்பும் அங்கே, விடுதியும் அங்கே, மைதானமும் அங்கே.

விளையாடுகிற பிள்ளை உருப்படாது என்று நம் வீடுகளில் திட்டுவது வழக்கம். வீட்டிலிருந்து படிக்கப் போகிறவன், மாலையில் மணி அடித்ததும் ரயிலுக்கு ஓடுவான். மாட்டுக்குப் புல் அறுக்கவும் வேண்டும். அவன் பந்தை எப்போது தொடுவான்? விடுதி மாணவனுக்கு அந்தக் கவலை இல்லை. மணி அடித்தால் மைதானத்துக்கு ஓடலாம். தஞ்சை அரண்மனையில் பிறந்தது என்று சொல்லப்படும் பூப்பந்தும் ஆடலாம், ஓட்டப்பந்தயத்துக்கும் பழகலாம்.

ஆனால் ஒரு சங்கடமும் இருந்தது. பல்கலைக்கழகங்களுக்குள் போட்டி என்று வந்தால், சென்னை தன் பல கல்லூரிகளிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி எடுக்கலாம். அண்ணாமலையோ தன் ஒரே வளாகத்துப் பிள்ளைகளை வைத்துத்தான் மோத வேண்டியிருந்தது. தோற்றால்கூட அதைக் குறைவாக நினைக்க முடியாது! பின்னாளில் உடற்கல்விக்கு என்றே அங்கு ஒரு துறையும் ஏற்பட்டது.

1935-ல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக வந்தார். உலகம் புகழ்ந்த அந்தப் பேச்சாளர், 1940 வரை அங்கே இருந்தார்.

தமிழ்ப் பாட்டு

செட்டியாருக்கு இன்னொரு குறை இருந்தது. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக மட்டும் வந்தது. 1941-ல் அண்ணாமலைநகரில் தமிழ் இசை மாநாடு கூட்டினார். வித்வான்களிலும் பத்திரிகைகளிலும் பலர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

1948-ல் அவர் காலமானார். இணைவேந்தர் பதவி அவர் குடும்பத்தாரிடமே இருந்து வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழகத்துக்குப் பண நெருக்கடி வந்தது. 2013-ல் தமிழக அரசு புதுச் சட்டம் செய்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது.

செட்டியாரின் மகன்களில் ஒருவர் விளையாட்டுப் பக்கம் போனார். 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார். சென்னைச் சேப்பாக்கம் மைதானத்துக்கு அவர் பெயர்தான்: எம்.ஏ.சிதம்பரம்.