ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதர் (ஆகத்து 2, 1859 - ஆகத்து 31, 1919) தமிழிசை ஆய்வாளரும் சித்த மருத்துவரும் ஆவார். பழந்தமிழ் இசை இலக்கணத்தை ஆராய்ந்து கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை எழுதியவர். இறைவழிபாட்டையும் இசைப்பயிற்சியையும் இணைத்துத் தமிழில் பல பாடல்களை இயற்றினார்.

பிறப்பும் திண்டுக்கல் வாழ்க்கையும்

இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள சாம்பவர்வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். அந்நகரில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். இதுவே அவருடைய இசைக்கல்விக்கு அடித்தளமாயிற்று.

மூலிகைகளில் ஈடுபாடு கொண்டு சுருளிமலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் முனிவரைச் சந்தித்து, அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். பின்னாளில் தம் தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் என்றும், நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் ஆசிரியரின் நினைவாகவே பெயரிட்டார்.

தஞ்சாவூரில்

1882 இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். பின்னர்த் தஞ்சாவூரில் குடியேறிய இருவரும் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினர். 1890 இல் பண்டிதர் அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். மருத்துவத்திலும் வேளாண்மையிலும் ஈட்டிய பொருளை இசைக்கே செலவிட்டார். 1909 இல் ஆங்கில அரசு இவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

பயிற்சிப் பாடல்கள்

கருநாடக இசை பயில்வோர் சரளிவரிசை, அலங்காரம் ஆகியவற்றை முடித்தபின் கீதம் கற்பர். மாணவர் நாள்தோறும் பலமுறை பாடிப் பழகும் முதற்பாடல் இதுவே. அக்காலத்தில் இப்பாடல்கள் பெரும்பாலும் பிறமொழிகளில் அமைந்திருந்தமையால், பொருள் அறியாமலே தமிழ் மாணவர்கள் பாட நேர்ந்தது. பண்டிதர் தொடக்க நிலைப் பயிற்சிக்கு ஏற்ற பாடல்களையும் கீர்த்தனைகளையும் எளிய தமிழில் இயற்றி, 1907 இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என வெளியிட்டார். இவை இறைவனைப் போற்றுவனவாதலால், அன்றாடப் பயிற்சியே வழிபாடாகவும் அமைந்தது.

ஆய்வும் மாநாடுகளும்

1912 இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே இசை மாநாடுகளை நடத்தினார். ஒரு தாயியில் 22 சுருதிகள் என்ற வடமொழி நூற்கொள்கையை மறுத்து, சிலப்பதிகாரத்தின் பாலை முறைகளை ஆதாரமாகக் கொண்டு 24 சுருதிகள் என வாதிட்டார். 1916 இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை எடுத்துரைத்தார். அவருடைய புதல்வியர் மரகதவல்லி, கனகவல்லி ஆகியோர் அங்குப் பாடி விளக்கினர். முறையான இல்லப்பயிற்சி ஆய்வுக்கும் துணைநின்றமைக்கு இது சான்றாகும்.

கருணாமிர்த சாகரத்தின் முதற்பகுதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுடன் 1917 இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி முற்றுப்பெறும் முன்னரே பண்டிதர் காலமானார். அப்பகுதி 1946 இல் வெளியாயிற்று. சுருதிக் கணக்கில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பிற்காலத் தமிழிசை ஆய்வுகளுக்கு இந்நூல் முன்னோடியாக மதிக்கப்படுகிறது.