கப்பல் ஏன் மூழ்குவதில்லை? காரணத்தை நிரூபித்த ஆர்க்கிமிடீஸுக்கு என்ன நடந்தது?

மேஜை மேல் செல்போன் அசையாமல் கிடக்கிறது. அப்போ அதன் மேல் எந்த விசையும் இல்லைன்னு அர்த்தமா? இல்லை. பூமி அதைக் கீழே இழுக்கிறது. மேஜை அதே அளவு விசையோடு மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம் என்பதால் போன் நகரவில்லை. இதைத்தான் இயற்பியலில் சமன் செய்யப்பட்ட விசைகள் என்கிறார்கள்.

சமநிலையைக் கணக்குப் போட்டு நிரூபித்த முன்னோடி ஆர்க்கிமிடீஸ். குளியல் தொட்டியிலிருந்து ஆடையில்லாமல் தெருவில் ஓடியவர்னுதான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனா அந்தக் கதையை எழுதியவர், சுமார் 200 ஆண்டுகள் கழித்து வந்த ரோமானியர் விட்ருவியஸ். இன்று கிடைக்கும் ஆர்க்கிமிடீஸின் நூல்களில் அது இல்லை.

யார் இவர்?

சிசிலித் தீவில் கிரேக்கர்கள் வாழ்ந்த சிராக்யூஸ் நகரில், கி.மு. 287 வாக்கில் பிறந்தவர். அப்பா ஃபிடியாஸ் ஒரு வானியலாளர். நகரத்தின் மன்னர் இரண்டாம் ஹீரோவுக்கு ஆர்க்கிமிடீஸ் நெருக்கமானவர்.

அவர் நிரூபித்தது என்ன?

முதலாவது, நெம்புகோல் விதி. பார்க்கில் இருக்கும் சீசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ அப்பா நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளியும், 20 கிலோ குழந்தை எதிர்ப்பக்கம் 3 மீட்டர் தள்ளியும் உட்கார்ந்தால் பலகை சாயாது. எடையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்க, இரண்டு பக்கமும் 60.

இரண்டாவது, மிதப்பது. 10,000 டன் கப்பல், 10,000 டன் தண்ணீரை விலக்கும் ஆழம் வரைதான் இறங்கும். அங்கே கப்பலின் எடையும் தண்ணீர் மேலே தள்ளும் விசையும் சமமாகிவிடும். அதே இரும்பைக் கட்டியாகப் போட்டால், தன் எடை அளவுக்குத் தண்ணீரை விலக்க முடியாது. அதனால மூழ்கிவிடும்.

போரில் என்ன ஆனது?

கி.மு. 213-ல் ரோமானியத் தளபதி மார்செல்லஸ் சிராக்யூஸை முற்றுகையிட்டார். அப்போது ஆர்க்கிமிடீஸுக்கு 70 வயதைத் தாண்டியிருந்தது. மதில் மேலிருந்து நீளும் மரத்தண்டு, அதன் முனையில் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கொக்கி. அது கப்பலின் முன்பக்கத்தைக் கவ்வும். உள்ளே இருப்பவர்கள் தண்டின் மறுமுனையை அழுத்தினால் கப்பல் தூக்கப்படும். பிடியை விட்டதும் அது கவிழும். பண்டைய வரலாற்றாசிரியர்கள் இப்படித்தான் விவரிக்கிறார்கள். கப்பல் எதனால் மிதக்கிறது என்று நிரூபித்தவர், அதே நெம்புகோலை வைத்து அந்தச் சமநிலையைக் குலைத்தார்.

கடைசியில் நகரம் வீழ்ந்தது. கி.மு. 212 வாக்கில் ஒரு ரோமானிய வீரன் அவரைக் கொன்றான். மார்செல்லஸ் இதற்காக வருந்தினார் என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன.

நூல்கள் எப்படித் தப்பின?

மிதக்கும் பொருட்கள் பற்றிய அவருடைய நூலும் கிட்டத்தட்ட அழிந்துதான் போனது. 13-ஆம் நூற்றாண்டில், ஒரு ஜெபப் புத்தகத்துக்குத் தோல் தாள் தேவைப்பட்டது. பழைய ஏடு ஒன்றின் எழுத்துகளைச் சுரண்டிவிட்டு மேலே ஜெபங்களை எழுதினார்கள். 1906-ல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க், இன்றைய இஸ்தான்புல்லில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, அடியில் மங்கலாகத் தெரிந்தது ஆர்க்கிமிடீஸ் என்று கண்டுகொண்டார். மிதப்பது பற்றிய அந்த நூலின் கிரேக்க வடிவம் இன்று நம்மிடம் இருப்பது அந்த ஒரே ஏட்டால்தான்.